பால் புரதத்தின் மேல் ஒரு நூற்றாண்டுப் பழி

மாரடைப்பு வந்து, ஸ்டென்ட் வைத்துக்கொண்டு வீடு திரும்பிய என் பெரியப்பா முதலில் நிறுத்தியது மோரைத்தான். எழுபது வயதுவரை மோர்ச்சோறு இல்லாமல் மதியச் சாப்பாட்டிலிருந்து எழுந்தறியாத மனிதர். பாலில் இருக்கும் கேசின் என்ற புரதம் ரத்தக்குழாயின் உட்சுவரில் அழற்சியைக் கிளப்பும், அடைப்புக்கே அதுதான் மூலம் என்று கைப்பேசியில் வந்த வீடியோ ஒன்றில் யாரோ அடித்துச் சொல்லியிருக்கிறார். தயிர் போனது, மோர் போனது. முட்டை அந்த வீட்டில் என்றைக்கும் இல்லை. இரண்டே மாதத்தில் மனிதர் துரும்பாகிவிட்டார். "நீதான் இதையெல்லாம் படிக்கிறவனாச்சே, நெசமாவாப்பா அது?" என்று கேட்டார் பெரியம்மா.

அந்தக் கேள்விக்காகத் தேட ஆரம்பித்த பிறகுதான், பால் புரதத்தின் மேல் இந்தச் சந்தேகம் நேற்று முளைத்ததல்ல, நூறாண்டுக்கும் மேலாக விழுந்தும் எழுந்தும் வருவது என்று தெரிந்தது. அந்த வழக்கைத் தொடக்கத்திலிருந்து பார்த்தால்தான் இன்றைய வீடியோவில் எது சரக்கு, எது சத்தம் என்று பிரித்தறிய முடியும்.

அதற்கு முன்னால், பால் புரதம் என்பது எது என்று கண்ணால் பார்த்துவிடுவோம். வீட்டில் பன்னீர் செய்தவர்களுக்கு இது தெரிந்த காட்சிதான். கொதித்து இறக்கிய பாலில் எலுமிச்சைச் சாற்றைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கிண்டினால், ஒரு கட்டத்தில் பால் சட்டென்று உடையும். வெள்ளைத் திரள்கள் ஒருபக்கம் ஒதுங்க, இளம்பச்சை கலந்த மஞ்சள் நீர் தனியே தெளியும். துணியில் தங்குகிற வெள்ளைத் திரளில் பெரும்பகுதிப் புரதம் கேசின். கீழே வடிகிற தெளிநீரில் கரைந்திருப்பது 'வே' புரதம். பாலைக் கொதிக்க வைத்ததால் வே புரதத்தில் ஒரு பங்கு கேசினோடு ஒட்டிக்கொண்டு துணியிலேயே தங்கிவிடுவதும் உண்டு. அந்த நீரின் பசுமஞ்சள் நிறம் ரிபோஃப்ளேவின் என்ற பி2 வைட்டமின் தருவது. சப்பாத்தி மாவு பிசைய அந்தத் தண்ணீரை எடுத்துவைக்கிற பெண்கள் சரியாகத்தான் செய்கிறார்கள்.

100 மில்லி பசும்பாலில் ஏறக்குறைய 3.2 கிராம் புரதம் இருக்கிறது. அதில் 80 சதவீதம் கேசின், 20 சதவீதம் வே. வயிற்றுக்குள் போனபின் இரண்டும் இருவிதமாக நடந்துகொள்கின்றன. கேசின் வயிற்று அமிலத்தில் உறைந்து, மெதுவாகக் கரைந்து, மணிக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தில் சேரும். வே உறையாமல் குடலுக்கு ஓடி, சீக்கிரமே ரத்தத்தில் ஏறிச் சீக்கிரமே இறங்கும். 1997இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் இதை அளந்து காட்டினார்கள். 'மெதுப் புரதம்', 'வேகப் புரதம்' என்ற பேச்சு அதிலிருந்து பரவியது.

இன்னொன்று. நெய்யில் புரதம் இல்லை என்றே சொல்லலாம். வெண்ணெயில் அற்பம். தயிரில் பாலில் இருந்த புரதம் அத்தனையும் இருக்கிறது. நெய்யையும் தயிரையும் 'பால் பொருள்' என்று ஒரே மூட்டையில் கட்டிப் பேசுவதுதான் இந்த விஷயத்தில் பாதிக் குழப்பத்துக்குக் காரணம்.

முயலில் தொடங்கிய சந்தேகம்

1908இல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இக்னாட்டோவ்ஸ்கி என்ற மருத்துவர் முயல்களுக்கு இறைச்சி, முட்டை, பால் கொடுத்து வளர்த்தார். அவற்றின் பெருந்தமனியில் மனிதர்களுக்கு வருவதைப் போன்ற படிவுகள் தோன்றின. விலங்குப் புரதத்தின் நச்சுத்தன்மைதான் காரணம் என்று அவர் நினைத்தார். ரத்தக்குழாய் அடைப்பில் முதலில் குற்றவாளிக் கூண்டில் நின்றது புரதம்தான், கொலஸ்ட்ரால் அல்ல என்பதை இன்று பலர் மறந்துவிட்டார்கள். 1913இல் அதே நகரத்தில் அனிச்கோவ், சூரியகாந்தி எண்ணெயில் கரைத்த கொலஸ்ட்ராலை மட்டும் முயல்களுக்குக் கொடுத்து அதே படிவுகளை வரவழைத்தார். வழக்கு கொலஸ்ட்ரால் பக்கம் திரும்பியது.

ஆனால் புரதம் முழுக்க விடுதலையாகவில்லை. 1940களின் தொடக்கத்தில் நியூயார்க்கில் மீக்கர், கெஸ்டன் என்ற இருவர், கொலஸ்ட்ராலே இல்லாத உணவில் கேசினை நிறையச் சேர்த்துக் கொடுத்தபோதும் முயல்களின் ரத்தத்தில் கொலஸ்ட்ரால் ஏறியதைக் கண்டார்கள். சோயா புரதம் கொடுத்த முயல்களுக்கு அப்படி ஆகவில்லை. கேசினுக்குக் கெட்ட பெயர் நிலைத்தது அங்கேதான். பின்னாளில் மனிதர்களிடம் விலங்குப் புரதத்தை எடுத்துவிட்டு சோயாவை வைத்துப் பார்த்த சோதனைகளில் கெட்ட கொலஸ்ட்ராலான எல்டிஎல் குறைந்தது 3, 4 சதவீதம்தான். முயல் தழை தின்னும் பிராணி. அதன் கல்லீரல் கேசினைக் கையாளும் விதத்தை வைத்து மோர் குடிக்கும் மனிதனுக்குத் தீர்ப்பு எழுதக் கூடாது.

மனிதர்களிடமிருந்து வந்த முதல் எச்சரிக்கை வேறு வழியாக வந்தது. சிகாகோ மருத்துவர் பெர்ட்ரம் சிப்பி 1915இல் வயிற்றுப் புண்ணுக்கு ஒரு பத்தியம் வகுத்தார்: மணிக்கொரு தரம் பாலும் கிரீமும். பல பத்தாண்டுகள் உலகமெங்கும் அதுவே வைத்தியமாக இருந்தது. 1960இல் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் 15 மருத்துவமனைகளின் பிணக்கூறு ஆய்வுப் பதிவுகளை அலசியபோது, இந்தப் பத்தியத்தில் இருந்தவர்களிடம் மாரடைப்பின் தடயம் கூடுதலாக இருந்தது தெரியவந்தது. ஆனால் அந்தக் குவளையில் புரதத்தோடு கொழுப்பு இருந்தது, லாக்டோஸ் இருந்தது, கால்சியம் இருந்தது. எது செய்த வேலை என்று பிரிக்க வழியில்லை. பால் பற்றிய பழைய ஆய்வுகள் அநேகமாக எல்லாவற்றிலும் இருக்கும் குறை இதுதான்.

இந்த வரலாற்றில் நம் ஊர்க்காரர் ஒருவரும் வருகிறார். சேலத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தை வளர்த்தெடுத்த சி. கோபாலன். அவரும் சக ஆய்வாளர் மாதவனும் 1968இல் வெளியிட்ட ஆய்வில், அஃப்லடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சைப் பெற்ற எலிகளில், 20 சதவீதம் கேசின் தின்றவற்றுக்குக் கல்லீரல் புற்றுநோய் வந்தது, 5 சதவீதம் தின்றவற்றுக்கு வரவில்லை. அமெரிக்காவின் காலின் கேம்பல் இதைப் படித்துத்தான் கேசின் ஆராய்ச்சியில் இறங்கினார். 'தி சைனா ஸ்டடி' என்ற அவர் புத்தகம் வழியாகக் 'கேசின் கொல்லும்' என்ற பேச்சு உலகம் சுற்றி, இன்று நம் கைப்பேசிக்கே திரும்பி வந்திருக்கிறது. ஆனால் அதே கோபாலன் குழு 1965இல் வெளியிட்ட இன்னொரு முடிவை அந்த வீடியோக்கள் சொல்வதில்லை. புரதம் குறைவாகத் தின்ற எலிக்குஞ்சுகளின் கல்லீரலைத்தான் அந்த நஞ்சு அப்போதைக்கப்போதே அதிகமாகச் சிதைத்தது. சத்துக்குறைவால் மெலிந்த குழந்தைகளைப் பற்றிக் காலமெல்லாம் கவலைப்பட்ட ஒருவரின் ஆய்வு, குழந்தைகளுக்குப் பால் கொடுக்காதீர்கள் என்று சொல்லப் பயன்படுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அழற்சி என்பது என்ன, அது ஏன் முக்கியம்

கையில் முள் குத்தினால் அந்த இடம் சிவந்து, சூடேறி, வீங்கி, வலிக்கிறது. அது நல்ல அழற்சி. வேலை முடிந்ததும் அடங்கிவிடும். இதய மருத்துவர்கள் கவலைப்படுவது வேறொன்று: வெளியே தெரியாமல் ஆண்டுக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கிற மெல்லிய அழற்சி. எல்டிஎல் ரத்தக்குழாய்ச் சுவருக்குள் நுழைந்து தங்கும்போது, அதை விழுங்க வருகிற வெள்ளை அணுக்கள் அங்கேயே வீங்கிச் சாகின்றன. அந்தக் குப்பைதான் படிவு. படிவு வெடித்தால் மாரடைப்பு.

இந்தக் கனலை அளக்க உதவுவது சி-ரியாக்டிவ் புரோட்டீன். 1930இல் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. இன்று ஹெச்எஸ்-சிஆர்பி என்ற பெயரில் லேப்களில் பார்க்கிறார்கள். லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் ஆபத்து குறைவு, 3க்கு மேலே போனால் அதிகம் என்பது பொதுக் கணக்கு. சளி, காய்ச்சல் இருக்கும்போது எடுத்தால் அளவு எகிறிவிடும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அழற்சியைக் குறைத்தால் மாரடைப்பு குறையுமா என்ற கேள்விக்கு 2017இல் தெளிவான பதில் கிடைத்தது. ஏற்கெனவே மாரடைப்பு வந்த 10,061 பேரிடம் கனக்கினுமாப் என்ற மருந்தைச் சோதித்தார்கள். அது கொலஸ்ட்ராலைத் தொடவே இல்லை, அழற்சிச் சமிக்ஞை ஒன்றை மட்டும் அடைத்தது. அடுத்த இதய நிகழ்வுகள் 15 சதவீதம் குறைந்தன. பிறகு கோல்ச்சிசின் என்ற பழைய மூட்டுவலி மருந்தும் குறைந்த அளவில் இதே வேலையைச் செய்வதாகச் சில பெரிய சோதனைகள் காட்டின. 2024இல் வந்த ஒன்று காட்டவில்லை. கோல்ச்சிசின் நம் மாநில மலரான செங்காந்தளின் விதையிலிருந்து எடுக்கப்படுவது. மூலனூர்ப் பக்கம் கண்வலிக்கிழங்கு என்று அதைப் பயிரிடுகிற விவசாயிகளின் விளைச்சல்தான் உலக மருந்துக் கம்பெனிகளுக்குப் போகிறது.

ஆக, அழற்சி பற்றிய பயம் வெறும் பயமல்ல. வீடியோக்காரர் அந்த மட்டும் சரி. அடுத்த படியில்தான் தவறுகிறார்.

பால் புரதம் அழற்சியைக் கிளப்புகிறதா

2017இல் இத்தாலியின் போர்டோனி குழு, பாலும் அழற்சியும் பற்றி மனிதர்களிடம் நடந்த 52 சோதனைகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. கிடைத்த விடை இரண்டு பகுதியாக இருந்தது. பால் ஒவ்வாமை உள்ளவர்களுக்குப் பால் அழற்சியைக் கூட்டுகிறது. மற்றவர்களுக்குக் கூட்டவில்லை, உடல் பருமன், சர்க்கரை போன்ற வளர்சிதைக் கோளாறு உள்ளவர்களிடம் சற்றுக் குறைக்கக்கூடச் செய்கிறது, குறிப்பாகப் புளித்த பால் பொருட்கள். 2019இல் நார்வே ஆய்வாளர்கள் கட்டுப்படுத்திய சோதனைகளை மட்டும் எடுத்துக்கொண்டு பார்த்தபோதும், அழற்சி கூடியதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

புரதத்தை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால்? வே புரதமும் சிஆர்பியும் பற்றிய ஒன்பது சோதனைகளை 2015இல் சேர்த்துக் கணக்கிட்டார்கள். மொத்தத்தில் சிஆர்பி சற்றே இறங்கியது, ஆனால் தற்செயல் என்று தள்ளிவிடக்கூடிய அளவுதான். நாளுக்கு 20 கிராமுக்கு மேல் எடுத்தவர்களிடமும், ஏற்கெனவே சிஆர்பி 3க்கு மேல் இருந்தவர்களிடமும் மட்டும் இறக்கம் தெளிவாக இருந்தது. இதை நான் பெரிய வெற்றியாகச் சொல்லமாட்டேன். அதேசமயம், கூட்டியதாக எங்கும் இல்லை.

எதிர்த்தரப்பின் வலுவான சாட்சி ஸ்வீடனிலிருந்து வருகிறது. அதை ஒளிக்கக் கூடாது. 2014இல் மிக்கேல்சன் குழு 61,433 பெண்களையும் 45,339 ஆண்களையும் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த முடிவை வெளியிட்டது. நாளுக்கு மூன்று கிளாஸும் அதற்கு மேலும் பால் குடித்த பெண்களின் மரண விகிதம், ஒரு கிளாஸுக்குக் குறைவாகக் குடித்தவர்களுடையதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. பால் கூடக்கூட இன்டர்லூகின்-6 போன்ற அழற்சிக் குறிகளும் கூடியிருந்தன. 2024இலும் அதே குழு, நாளுக்கு 300 மில்லிக்கு மேல் பால் குடிக்கிற பெண்களுக்கு இதய நோய் ஆபத்து ஏறுவதாக எழுதியது.

ஆனால் அதே ஆய்வுகளை இன்னும் இரண்டு பக்கம் புரட்டினால் வேறொரு செய்தி கிடைக்கிறது. புளித்த பாலும் பாலாடைக்கட்டியும் சாப்பிட்டவர்களிடம் அந்தக் கெடுதல் இல்லை. 2014 ஆய்வில் அவர்களுடைய மரண விகிதம் குறைந்தே இருந்தது. பாலில் இருக்கும் அதே கேசின்தானே புளித்த பாலிலும் இருக்கிறது! குற்றம் கேசினுடையதானால் இரண்டிலும் தெரிந்திருக்க வேண்டும். அந்த ஆய்வாளர்களே சந்தேகப்படுவது புரதத்தை அல்ல, லாக்டோஸ் உடைந்து வரும் கேலக்டோஸ் என்ற சர்க்கரையை. உறை ஊற்றும்போது பாக்டீரியாக்கள் லாக்டோஸில் ஒரு பங்கைத் தின்று குறைத்துவிடுகின்றன. அந்தச் சந்தேகமும் இன்னும் நிரூபணமாகவில்லை. டென்மார்க்கில் 98,529 பேரிடம், பாலைச் செரிக்க உதவும் மரபணுவை வைத்து வேறு கோணத்தில் பார்த்தபோது பாலுக்கும் இதய நோய்க்கும் தொடர்பே தெரியவில்லை.

தயிர் பக்கம் சாட்சி கூடிக்கொண்டுதான் போகிறது. 2021இல் ஸ்டான்ஃபோர்டில் 36 பேரைக் கொண்டு நடந்த சிறிய சோதனையில், பத்து வாரம் தயிர், கெஃபிர், கிம்ச்சி போன்ற புளித்த உணவுகளை நிறையச் சாப்பிட்டவர்களின் ரத்தத்தில் இன்டர்லூகின்-6 உட்பட 19 அழற்சிப் புரதங்கள் குறைந்தன. எல்லாம் தயிரின் வேலை என்று சொல்ல முடியாது. ஆனால் தயிரைப் பார்த்துப் பயப்பட அதில் ஒன்றுமில்லை.

ஒவ்வாமை உள்ளவர்கள் கதை தனி. கைக்குழந்தைகளில் சிலருக்குப் பசும்பால் புரதம் நிஜமாகவே எதிரி. தாய்ப்பாலில் இல்லாத பீட்டா-லாக்டோகுளோபுலின் என்ற வே புரதமும், கேசினும் அங்கே உண்மையான அழற்சியை மூட்டுகின்றன. சமீபத்தில் அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு செய்தியும் யோசிக்க வைக்கிறது. வெளிப்படையான ஒவ்வாமை எதுவும் இல்லாதபோதும், ரத்தத்தில் பால் புரதத்துக்கு எதிரான ஐஜிஇ ஆன்டிபாடி இருந்த பெரியவர்களிடம் இதய நோய் மரணம் கூடுதலாக இருந்தது. பால் சாப்பிட்டதால்தான் அப்படி ஆனது என்று இதுவரை யாரும் காட்டவில்லை. ஆனால் இந்த வழக்கில் இனிமேல் ஏதாவது திருப்பம் வருமானால் இந்தப் பக்கமிருந்துதான் வரும் என்று எனக்குத் தோன்றுகிறது.

ரத்த அழுத்தம்: நல்ல செய்தியும் அதன் அளவும்

பால் புரதத்தின் ஆதரவுத் தரப்பில் நம்பத்தகுந்த கதை ரத்த அழுத்தம்தான். அது பிரேசிலின் ஜராராக்கா விரியனிடம் தொடங்குகிறது. அந்தப் பாம்பின் நஞ்சில் இருந்த சிறு பெப்டைடுகள், ரத்தக்குழாயை இறுக்கும் ஏசிஇ என்ற நொதியை அடக்குவதைக் கண்டு, அதைப் பார்த்துச் செய்த மருந்துதான் 1981இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற கேப்டோப்ரில். இன்று நம் வீட்டுப் பெரியவர்கள் விழுங்கும் எனலாப்ரில், ராமிப்ரில் எல்லாம் அந்த வம்சம்.

கேசின் உடையும்போதும் அதே நொதியை அடக்கும் பெப்டைடுகள் பிறக்கின்றன. ஜப்பானில் 1919 முதல் விற்கப்படும் கால்பிஸ் என்ற புளித்த பால் பானத்தின் கம்பெனியைச் சேர்ந்த ஆய்வாளர்கள், 1995இல் விபிபி, ஐபிபி என்ற இரு பெப்டைடுகளை அடையாளம் கண்டார்கள். மூன்றே மூன்று அமினோ அமிலம் கொண்ட துணுக்குகள் அவை. ஜப்பானியச் சோதனைகளில் ரத்த அழுத்தம் நன்றாகவே இறங்கியது. ஐரோப்பாவில் திரும்பச் செய்தபோது சிலவற்றில் கொஞ்சம் இறங்கியது, சிலவற்றில் அசையவே இல்லை. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் இந்தப் பானங்கள் ரத்த அழுத்தத்தைக் காக்கும் என்று விளம்பரம் செய்ய இடம் தரவில்லை. நம் வீட்டுத் தயிரிலும் இப்படிப்பட்ட பெப்டைடுகள் உருவாகும். எவ்வளவு என்பது உறைமோரில் என்ன பாக்டீரியா இருக்கிறது, எத்தனை மணி நேரம் புளித்தது என்பதைப் பொறுத்தது. மோரை நம்பி மாத்திரையை நிறுத்துவது தற்கொலைக்குச் சமம்.

புரதத்தையே நேராகச் சோதித்த ஆய்வுகளில் எனக்குப் பிடித்தது 2016இல் பிரிட்டனின் ரெடிங் பல்கலைக்கழகத்தில் நடந்தது. ரத்த அழுத்தம் லேசாக உயர்ந்திருந்த சுமார் நாற்பது பேருக்கு, நாளுக்கு 56 கிராம் வீதம் எட்டு வாரம் வே, எட்டு வாரம் கேசின், எட்டு வாரம் வெறும் மாவுச்சத்து என்று மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். வே எடுத்த காலத்தில், 24 மணி நேரமும் அளந்த ரத்த அழுத்தம் மேலே 3.9 புள்ளியும் கீழே 2.5 புள்ளியும் குறைந்தது. அதோடு, ரத்தக்குழாய் தளர்ந்து விரியும் திறன் வே எடுத்தபோதும் கூடியது, கேசின் எடுத்தபோதும் கூடியது. ரத்தக்குழாயின் உட்சுவரைக் கேசின் கெடுக்கிறது என்று பெரியப்பாவைப் பயமுறுத்திய வீடியோவுக்கு நேரடியான மறுமொழி இது.

இதைப் படித்துவிட்டுக் கடைக்கு ஓடி வே பவுடர் டப்பா வாங்க வேண்டாம். ஒரு லிட்டர் பசும்பாலில் வே புரதம் ஏறக்குறைய 6 கிராம்தான். 56 கிராம் வேண்டுமானால் நாளுக்கு ஒன்பது லிட்டர் பால் குடிக்க வேண்டும். அந்தச் சோதனையில் கொடுத்தது உணவின் அளவல்ல, மருந்தின் அளவு. இத்தகைய ஆய்வுகள் பலவற்றுக்குப் பால் தொழில் நிறுவனங்கள் பணம் கொடுக்கின்றன என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும். அதனால் முடிவு பொய்யாகிவிடாது, ஆனால் எந்தக் கேள்வி கேட்கப்படுகிறது, எது கேட்கப்படாமல் போகிறது என்பதில் அதற்குப் பங்கு உண்டு.

அளவு மீறினால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு எச்சரிக்கை இருக்கிறது. 2020இலும் 2024இலும் அமெரிக்காவில் பாபக் ரஸானியின் குழு, உணவில் புரதம் மிக அதிகமாகும்போது லியூசின் என்ற அமினோ அமிலம் ரத்தக்குழாய்ப் படிவில் இருக்கும் வெள்ளை அணுக்களை முடக்குவதைக் கண்டது. எலிகளிலும், சிறு அளவில் மனிதர்களிடமும் பார்த்தார்கள். மொத்தக் கலோரியில் 22 சதவீதத்துக்கு மேல் புரதத்திலிருந்து வரும்போதுதான் இந்த விளைவு தெரிந்தது. லியூசின் நிறைந்தது வே. ஜிம்முக்குப் போகிற தம்பிகள் இரண்டு மூன்று கரண்டிப் பவுடரைத் தினமும் குடிக்கும்போது இதை நினைத்துப்பார்க்க வேண்டும். சிறுநீரகம் பழுதானவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது.

ஏ1, ஏ2

2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுப் போராட்டம் நடந்தபோது ஏ2 பால் என்ற சொல் தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்தது. பீட்டா-கேசின் 209 அமினோ அமிலங்கள் கொண்ட சங்கிலி. அதில் 67ஆவது இடத்தில் ப்ரோலின் இருந்தால் ஏ2, ஹிஸ்டிடின் இருந்தால் ஏ1. ஏ1 செரிக்கும்போது பிசிஎம்-7 என்ற பெப்டைடு எளிதில் கழன்று வருகிறது, அதுதான் மாரடைப்புக்கு வழிசெய்கிறது என்பது வாதம். வாதம் பிறந்தது நியூசிலாந்தில். ஏ1 பால் அதிகம் குடிக்கும் நாடுகளில் இதய நோய் அதிகம் என்று 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் சில கட்டுரைகள் வந்தன. அவற்றில் முதலாவதை எழுதிய கோரன் மெக்லாக்லன், ஏ2 பால் விற்கும் கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவர்.

மனிதர்களிடம் சோதித்தபோது என்ன ஆயிற்று? 2006இல் ஆஸ்திரேலியாவில், இதய நோய் ஆபத்து உள்ள 15 பேருக்கு நாளுக்கு 25 கிராம் கேசின், பன்னிரண்டு வாரம் ஏ1, பன்னிரண்டு வாரம் ஏ2 என்று கொடுத்தார்கள். கொலஸ்ட்ரால், ரத்த அழுத்தம், சிஆர்பி எதிலும் வித்தியாசம் இல்லை. 2004இல் நியூசிலாந்து அரசுக்காக பாய்ட் ஸ்வின்பர்ன் எழுதிய அறிக்கையும், 2009இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் அறிக்கையும் நோய்க்கும் ஏ1க்கும் காரணத் தொடர்பு நிறுவப்படவில்லை என்றே சொல்லின. சிலருக்கு ஏ2 பால் வயிற்று உப்புசத்தைக் குறைக்கிறது என்று சில சோதனைகள் காட்டுகின்றன, அதை மறுக்கவில்லை. நம் நாட்டு மாடுகளின் பால் பெரும்பாலும் ஏ2தான். எருமைப் பாலும் ஏ2தான், அதற்கு யாரும் கூடுதல் விலை சொல்வதில்லை. 2024 ஆகஸ்டில் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் பாக்கெட்டில் ஏ1, ஏ2 என்று போடக் கூடாது என்று உத்தரவிட்டு, ஒரு வாரத்துக்குள் அந்த உத்தரவைத் திரும்பப் பெற்றது. குழப்பம் அப்படியே நிற்கிறது.

காங்கேயத்தையும் உம்பளச்சேரியையும் பர்கூரையும் புலிக்குளத்தையும் காப்பாற்ற வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. வறட்சியைத் தாங்கி, கிடைத்ததைத் தின்று, உழைத்துத் தந்த இனங்கள் அவை. அந்தக் காரணங்களே போதும். மாரடைப்பு வராது என்ற நிரூபிக்கப்படாத வாக்குறுதியைக் காட்டி, சாதாரணக் குடும்பத்திடம் இரண்டு மடங்கு விலை வாங்குவது அநியாயம்.

நம் தட்டில்

21 நாடுகளில், சென்னை உட்பட, 1,36,384 பேரைச் சராசரியாக ஒன்பது ஆண்டு பின்தொடர்ந்த பியூர் ஆய்வு 2018இல் வெளியானது. நாளுக்கு இரண்டு பங்குக்கு மேல் பால் பொருள் சாப்பிட்டவர்களிடம், சாப்பிடாதவர்களைவிட, இதய நிகழ்வுகள் 22 சதவீதமும் பக்கவாதம் 34 சதவீதமும் குறைவு. கவனித்துப்பார்த்த ஆய்வுதான், பால் வாங்க வசதியுள்ள வீட்டில் மற்ற வசதிகளும் இருக்கும் என்ற ஆட்சேபம் நியாயமானது. ஆனால் பால் புரதம் இதயத்துக்கு நஞ்சாக இருந்தால் இத்தனை பேரில் அதன் நிழலாவது விழுந்திருக்கும்.

நமக்கு இன்னும் நெருக்கமானது, சென்னை மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் 2025இல் வெளியிட்ட கணக்கெடுப்பு. 1,21,000க்கும் மேற்பட்டவர்களைப் பார்த்ததில், இந்தியர்களின் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது. புரதத்தின் பங்கு சுமார் 12 சதவீதம். மொத்தக் கலோரியில் 5 சதவீதத்தை மட்டும் மாவுச்சத்திலிருந்து பயறு, பால் போன்றவற்றின் புரதத்துக்கு மாற்றினால் சர்க்கரை நோய்க்கான வாய்ப்பு குறைகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். சர்க்கரை நோய் வந்த வீட்டில் இதய நோய் பின்னாலேயே வரும் என்பது நமக்குத் தெரியாததல்ல.

பெரியப்பா விஷயத்தில் நடந்தது இதன் தலைகீழ். தயிரும் மோரும் போன இடத்தில் புரதம் வரவில்லை. ரசச் சோறு இன்னும் இரண்டு கை கூடியது, மாலையில் நாலு பிஸ்கட் கூடியது. பரிசோதனையில் சர்க்கரை ஏறியிருந்தது. அவருடைய இதய மருத்துவரிடமே போய்க் கேட்டோம். ஏடு எடுத்த பாலில் உறை ஊற்றிய தயிர் தாராளமாகச் சாப்பிடலாம், சோற்றைக் குறைத்துப் பயறு சேர்க்கலாம், மோரில் உப்பைக் குறைக்க வேண்டும், காபியில் சர்க்கரை வேண்டாம், நெய்யும் பால்கோவாவும் அளவோடு என்றார். கேசினைப் பற்றி அவர் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

உங்கள் வீட்டிலும் யாராவது இதயச் சிகிச்சை முடிந்து வந்திருக்கலாம். அவர் கைப்பேசிக்கும் இந்த வீடியோ வந்திருக்கலாம். பால் ஒவ்வாமை இல்லாதவர் என்றால் அவர் தட்டிலிருந்து தயிரை எடுக்காதீர்கள். எடுத்தே தீருவது என்றால், அந்த இடத்தில் ஒரு கிண்ணம் சுண்டலாவது வையுங்கள்.